நாளைக் காலை வண்டி

எங்கே போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று குழந்தைவேலு தன்னைத்தானே திட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இந்தப் பக்கம் சாய்ந்தார், பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தார், இரண்டு பக்கமும் வெயில்தான். காலையில் பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடிசை வாசலில் நின்றான். வர்றனுங்கப்பா என்றான். இவரும் சரி சாமி என்றார். அவ்வளவுதான் பேச்சு. செருப்பைக்கூட மாட்டவில்லை, இதோ படியில்தான் கிடக்கிறது, போன் உள்ளே சார்ஜரில் தொங்குகிறது. வெளியே கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அவர்கள் ஊர் உடுமலைப்பேட்டையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் தூரமுங்களா என்று சுற்றி வளைத்துக் கேட்கலாம், இஷ்டப்பட்டவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்வார்கள், இல்லாதவர்கள் ஆமாங்க என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள், கேட்டவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அந்தத் தூரமா என்ற கேள்வியும் இன்றைக்கு வாயில் வரவில்லை. அவன் மணலில் இறங்கி, கூரைத் தூணுக்குப் பின்னால் மறைகிற நேரத்தில் கூப்பிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் போகிறவனைப் பின்னால் கூப்பிடுவது கேட்பதைவிடப் பெரிய தப்பு, வாயைக் கையால் பொத்தாத குறையாக உட்கார்ந்துவிட்டார். இப்போது வெயில் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. மெக்சிகோ நாட்டின் தெற்கு ஓரத்தில், இன்றுவரை பெயர் நாக்கில் ஒட்டாத ஒரு கடற்கரையில், ஆயுசெல்லாம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன், மகன் போனது இடது கைப்பக்கமா வலது கைப்பக்கமா என்றுகூடச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலையில் விமான நிலையத்துக்கு வண்டி வருகிறது.

வண்டியில் இரண்டு பேர் போகவேண்டும், அதற்குத்தான் அவர் வந்ததே. சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன் என்பதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்வதற்கு. பையன் திருமூர்த்தி டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான், நல்ல வேலை, அதை விட்டுவிட்டு எல்லை தாண்டி இங்கே இறங்கினான், ஒரு மலையூரில் கொஞ்ச நாள், ஒரு பட்டணத்தில் கொஞ்ச நாள், கடலோரத்தில் கொஞ்ச நாள், இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று வருசம் ஓடிவிட்டது. எதையாவது செய்துகொண்டு சுற்றினால் பரவாயில்லை. படம் பிடிக்கிறான், கதை எழுதுகிறான், யாரோ ஒரு பெண்ணின் பின்னால் சுற்றுகிறான் என்றால்கூட மனசு ஒரு மாதிரி ஆறும், வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் வீட்டுக்காரி மயிலாத்தாளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருக்கிறான். பிறகு எழுந்து அடுத்த ஊருக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறான். நீங்க வேணா வாங்கப்பா, சுத்திப் பாக்கலாம் என்று ஒருநாள் போனில் அவனே சொன்னதும், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விசாவுக்கு அலைந்து, மூட்டுவலித் தைலத்தையும் பருப்புப் பொடியையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். புறப்படும்போது மயிலாத்தாள் வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான், கையோட கூட்டிட்டு வந்துருங்க. திருப்பூர் மாப்பிள்ளை நாளைய விமானத்திலேயே பையன் பேருக்கும் ஒரு டிக்கெட் போட்டு அவர் போனுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அதை எடுத்துக் காட்டி, உனக்கும் இருக்குது சாமி, வந்துரு என்று சொல்லவேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், மலையிறங்கினதும் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிக் கடல்வரைக்கும் வந்தாகிவிட்டது, இதற்கு மேல் தள்ளுவதற்குத் தரை இல்லை.

வேலையை விட்டதைச் சொல்ல அவன் கூப்பிட்ட அன்றைக்கும் இதே கதைதான். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டார்கள். வேலைய விட்டுட்டனுங்கப்பா என்றான். ஏன் என்று கேட்கத்தானே அப்பன் ஆத்தா இருக்கிறார்கள், நாக்கு மேலே எழும்பியது, அதற்குள் மயிலாத்தாள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், தொலைவில் இருக்கிற பிள்ளை, மனசு நோகிற மாதிரி எதுவும் கேட்டு வைக்காதீர்கள் என்று கிள்ளுக்கு அர்த்தம். சாப்பிட்டயா சாமி என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றான். என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டாள். ரொட்டி என்றான். போனை வைத்த பிறகு இரண்டு பேரும் ரொட்டியைப் பற்றியே பேசினார்கள், ரொட்டி தின்றால் உடம்புக்கு ஆகுமா, சூடாயிற்றே, மோர் கீர் கிடைக்குமா என்று. நினைத்துப் பார்த்தால் அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதே இல்லை. படிக்கப் போனபோது கேட்கவில்லை, கப்பல் பெரிய விமானம் ஏறி அமெரிக்கா போனபோது கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வாசல்படி இருந்தது, எல்லா வாசல்படியிலும் பையன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான், கேட்டால் விளங்காது என்று இவர்கள் வாயை மூடிக்கொண்டு திருநீறு பூசிவிட்டார்கள். கேட்காமல் விட்டதால் என்ன விளங்கிவிட்டது என்று யோசிக்கும்போதே குழந்தைவேலுவுக்குப் பயம் வந்தது, போன இடத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று அந்த யோசனையை அப்படியே வெட்டிவிட்டார்.

மணல் கொதிக்கிறது. ஆளுக்கு ஒரு தூளி கட்டி அதில் வெள்ளைக்காரர்கள் வாழைக்குலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கூரையில் மீன் பொரிகிற வாடை. சுத்த சைவமில்லை அவர், ஆனால் இன்றைக்கு அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார், வெறும் வயிறு என்பதாலா, மலையிறங்கிய வளைவுகள் இன்னும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதாலா தெரியவில்லை. குளிராவது இருந்தால் தேவலை. முதலில் போனார்களே சான் கிறிஸ்தோபல் என்ற மலைப்பட்டணம், அங்கே வால்பாறைக் குளிர். பக்கத்தில் சமூலா என்று ஒரு கிராமம், அந்த ஊர்த் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் குழந்தைவேலு செருப்பை எங்கே விடுவது என்று தேடினார், அவ்வளவு சொந்தமாக இருந்தது. பேர்தான் தேவாலயம். உட்கார பெஞ்சு இல்லை, தரை முழுக்கப் பைன் மரத்துப் பச்சை ஊசியிலை பரப்பியிருக்கிறது, தரையிலேயே வரிசை வரிசையாக மெழுகுவத்தி ஒட்டி ஏற்றியிருக்கிறார்கள், சாம்பிராணிப் புகை, குடும்பம் குடும்பமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் கலர் சோடா பாட்டில், காலைக் கட்டிய கோழி. சின்னப் பிள்ளைகள் புகைக்குள் ஓடி விளையாடுகின்றன. ஓர் ஓரத்தில் ஒரு பெரியம்மா முணுமுணுவென்று மந்திரம் சொல்லிக்கொண்டு ஒருவன் தலையிலிருந்து தோள்வழியாகக் கோழி முட்டையைத் தடவி இறக்கினாள். அவன் சின்னப் பையன் இல்லை, மீசை வைத்த ஆள், திருமூர்த்தி வயசு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தான், பின்னால் அவனுடைய அப்பா. அந்த அப்பாவைத்தான் குழந்தைவேலு பார்த்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்ட மனுசனின் முகம். பொறாமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால் அப்படியொரு பொறாமை ஊரில் யார் வீடு கட்டியபோதும் வந்ததில்லை. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிகிறது, எங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தெரிகிறது, முட்டையும் கோழியும் கையோடு கொண்டுவந்துவிட்டார். நானும் இவன் தோளை அமுக்கி அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன? மொழி எதற்கு, கோழிக்கு மொழி உண்டா? ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்து வைத்து முறையிடுகிற மாதிரி இங்கே எதையாவது அரைக்க முடிந்தாலும் அரைத்துவிடலாம். திரும்பிப் பார்த்தார். திருமூர்த்தி அந்த மீசைக்காரனையே பார்த்துக்கொண்டு நின்றான், கண் இமைக்கவில்லை. இதுதான் சமயம், தோளில் கை வைக்கப் போனார். போலாமுங்கப்பா, புகை கண்ணைக் கரிக்குது என்று அவன் வெளியே நடந்துவிட்டான்.

நடந்துவிட்டான் என்றால் எப்போதும் அவன் முன்னால், இவர் பின்னால். வந்ததிலிருந்து பையன் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார், முகத்தைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும். அடுத்து வஹாக்கா என்ற பெரிய பட்டணம், அங்கேயும் முதுகு. சந்தைக்குள் அந்த முதுகைத் தவறவிடாமல் போனார், கூடை கூடையாக வறுத்த வெட்டுக்கிளி, உப்பும் எலுமிச்சையும் போட்டு, இவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டதும் முகம் போன போக்கைப் பார்த்துப் பையன் சிரித்தான். சத்தமாக. அந்த ஒரு தடவைதான். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து இன்னொரு வெட்டுக்கிளியை எடுத்துத் தின்றார், பிடிக்காமல்தான் தின்றார், இரண்டாவதுக்கு அவன் சிரிக்கவில்லை. புளித்தண்ணீர் வாங்கிக் கொடுத்தான், நம்ம புளியேதான், சர்க்கரை போட்டுக் கரைத்து ஐஸ் போட்டு ஜாடியில் ஊற்றி விற்கிறார்கள், வெளியே தெருவில் நம்ம ஊர் ஆட்டோ அதே மூக்கோடு ஓடுகிறது. இங்கே பாரு சாமி, எல்லாம் நம்மூராட்டவே இருக்குது என்று சொல்லி, அதனால் நம்ம ஊருக்கே போய்விடலாம் என்று முடிப்பதற்காகத் தொடங்கினார், முதல் பாதி வந்தது, இரண்டாவது பாதியைப் புளித்தண்ணீரோடு விழுங்கிவிட்டார். அங்கிருந்து வேனில் மலைமேல் ஏறி, சான் ஹோசே என்று மேகத்துக்குள் ஒரு ஊர், மரவீடு, விறகு அடுப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் சரிவின் ஓரத்தில் இருவரும் நின்றார்கள், கால் மட்டத்துக்குக் கீழே மேகம் மெத்தை மாதிரி கிடந்தது, மலை, அதற்கப்புறம் மலை. ஒண்ணுமே தெரியலீங்கப்பா, நல்லா இருக்குது என்றான் பையன். இவரும் ஆமா சாமி நல்லா இருக்குது என்றார். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வார்த்தை காலில் நெருஞ்சியாகக் குத்தியது. ஒன்றுமே தெரியாமலிருப்பது எப்படி நல்லா இருக்கும்? மலை தெரிகிறது, நல்லா இருக்கிறது என்றால் சரி. சரிவின் ஓரத்தில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியாதது நல்லா இருக்கிறது என்கிறவன் கீழேயல்லவா பார்த்துக்கொண்டிருந்தான். அல்லது மேகத்தைச் சொன்னானா? மேகத்தைத்தான் சொல்லியிருப்பான். எல்லாரும் சொல்வதுதானே. அப்படியென்றால் அவன் பின்வாங்காமல் அவ்வளவு நேரம் ஏன் நின்றான்.

கடல் ஓய்வதாயில்லை. ஆலைக்குள் ரிங்ஃபிரேம் எந்திரங்கள் நூல் நூற்று ஓடுகிற இரைச்சலில் நின்றுகொண்டே தூங்குவார் அவர், சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும், அதனால் அலைச்சத்தம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, அதற்குள் வேறு சத்தம் ஏதாவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் தொந்தரவு. மணலில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறது. அந்தக் கொடிக்கு நேரே தண்ணீரில் இறங்கக்கூடாது, மேலே சாதுவாகத் தெரியும், அடியில் இழுப்பு உண்டு, இழுத்தால் நேரே வெளிக்கடல்தான் என்று வந்த அன்றே திருமூர்த்திதான் சொன்னான். எவ்வளவு பொறுமையாகச் சொன்னான். இழுத்தா எதுத்து நீந்தக் கூடாதுங்கப்பா, சும்மா விட்டுரணும், அதுவே கொண்டுபோய் விட்டுரும் என்றான். எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டாரா? கேட்கவில்லை. ஊருக்குப் பக்கத்துத் திருமூர்த்தி அணையில் நீச்சல் பழகிய பையன்தான், நன்றாக நீந்துவான், அதுவும் இப்போது பயமாக இருந்தது, நீந்தத் தெரியாதவன் கரையிலேயே நின்றுகொள்வான். அப்போதுதான் அங்கே நாலைந்து பேர் தண்ணீரை நோக்கி ஓடினார்கள். இன்னும் சிலர். ஒருத்தன் கையை ஆட்டிக் கத்தினான், விசில் சத்தம் கேட்டது, தூளிகளிலிருந்து தலைகள் எழுந்தன. குழந்தைவேலு எழுந்தார், எழுந்துவிட்டதாக நினைத்தார், பார்த்தால் நாற்காலிக் கையைப் பிடித்தபடி பாதி எழுந்து நிற்கிறார். போய்ப் பார்க்கவேண்டும். போகாவிட்டால் அது அவன் இல்லை, போய்ப் பார்க்காதவரைக்கும் அது யாரும் இல்லை. முருகா முருகா என்று வாய் தானாக ஓடியது, கால் ஓடவில்லை. துண்டு என்ன நிறம், நீலமா, பச்சையா, காலையில் கண்ணுக்கு முன்னால் நின்றானே, துண்டு என்ன நிறம்? அதற்குள் அலைமேல் ஒரு மோட்டார் படகு முழு வேகத்தில் பாய்ந்து வந்து, இஞ்சின் அலற, ஓடியவர்கள் வழிவிட்டு விலக, நேரே மணல்மேல் ஏறிச் சறுக்கி நின்றது. மீன் படகு. இப்படித்தான் கரையேற்றுவார்கள்போல. ஆட்களை விலகச் சொல்லித்தான் விசில். மீன்களை இறக்கினார்கள், ஒரு பெலிகன் பறவை வந்து உட்கார்ந்தது. குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் முருகா முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

குடிசைகளின் சொந்தக்காரி ஒத்திலியா அதைப் பார்த்திருக்கவேண்டும். தோன்யா ஒத்திலியா என்பார்கள், நம்ம ஊரில் அம்மா போட்டுச் சொல்கிற மாதிரி. தடித்த, கறுத்த பெண்பிள்ளை, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்று ஏதோ கேட்டாள். மகன் என்பதற்கான வார்த்தை இவருக்குத் தெரியும், அது காதில் விழுந்தது. கடலைக் காட்டினாள், மலையைக் காட்டினாள், சாலையைக் காட்டினாள், எந்தப் பக்கம் என்று உள்ளங்கையைத் திருப்பினாள். உலகத்தில் எந்த மொழியிலும் அந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். குழந்தைவேலு கையை விரித்தார். அவள் நம்பவில்லை, காது கேட்காதவரிடம் கேட்பது மாதிரி இன்னொரு தடவை சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். மறுபடியும் விரித்தார். பெற்ற பிள்ளை எங்கே போகிறான் என்று தெரியாமலா விட்டாய் என்று அவள் முகம் கேட்டது, அல்லது இவருக்கு அப்படித் தோன்றியது. இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது, கேட்கக்கூடாதும்மா, எங்களில் கேட்கமாட்டோம், கேட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று கையைக் காலை ஆட்டி எப்படிச் சொல்வது, சொன்னால் சிரிப்பாளா? அவள் சிரிக்கிற ரகம் இல்லை. போய் விசில் வைத்திருந்த ஆளிடம் பேசினாள், அவன் கடலைப் பார்த்துத் தலையாட்டினான், இல்லை என்கிறானா, பார்க்கவில்லை என்கிறானா? திரும்பி வந்து இவர் தோளைத் தட்டி, அஹோரித்தா என்றாள். இந்த நாட்டில் அவர் முதலில் கற்ற சொல் அதுதான். வண்டி எப்போது என்றால் அஹோரித்தா, சோறு எப்போது என்றால் அஹோரித்தா, இப்போதே என்றும் அர்த்தம், எப்போதாவது என்றும் அர்த்தம் என்று பையன் விளக்கியிருந்தான். சோறும் கறுப்புப் பயறும் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாய் எடுத்தார், அவன் சாப்பிட்டிருக்கமாட்டான் என்று தட்டை மூடி வைத்தார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. இந்நேரம் ஊரில் விடிய இருக்கும், மயிலாத்தாள் எழுந்து வாசல் தெளித்துவிட்டுக் காப்பி வைத்ததும் கூப்பிடுவாள். என்னுங்க, சொல்லிட்டீங்களா என்பாள், தினமும் அதுதான் முதல் கேள்வி, அவள் மட்டும் இவரைக் கேட்கலாம்போல. நேற்று, கடலுக்கு வந்தாச்சு, நாளைக்குச் சொல்லிடறேன் என்றார். இன்றைக்கு என்ன சொல்வது? பையன் எங்கே என்பாள், குளிக்கிறான் என்று சொல்லலாம், ஐயோ அதைமட்டும் சொல்லக்கூடாது. தூங்குகிறான் என்று சொல்லலாம். பெட்டி கட்டிவிட்டான் என்று சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவாள், அவன் படுக்கிற அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள், கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், திசை சரியில்லாததால்தான் பிள்ளை இப்படித் திரிகிறான் என்று யாரோ சொன்னார்களாம். போலீசுக்குப் போகலாமா? போய் எந்த வாயால் பேசுவது? மாப்பிள்ளையைக் கூப்பிடலாமா, அவர் இங்கிலீஷில் இங்கே யாரோடாவது பேசுவார், ஆனால் மாப்பிள்ளைக்குச் சொன்னால் மகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரிந்தால் அடுத்த நொடி மயிலாத்தாளுக்கு. எழுந்து இடது பக்கம் தேடிப் போனால் அவன் வலது பக்கமாக வந்து அப்பாவைக் காணோம் என்று தேடுவான். நாற்காலியை விட்டு எழுந்தால் தப்பு, உட்கார்ந்திருந்தாலும் தப்பு. இப்படி ஒரு கையாலாகாத அப்பனை எதற்குத்தான் இவ்வளவு தூரம் வரச் சொன்னான். போன் அடித்தது. மயிலாத்தாள் படம் திரையில் வந்தது, கல்யாண வீட்டில் எடுத்தது, தலை நிறையப் பூ. அடித்து அடித்து நின்றது. குழந்தைவேலு அதைக் கவிழ்த்து வைத்தார், அழுகை வந்தது, வந்ததை மறைக்க ஆள் யாரும் இல்லாததால் அழுதார்.

அழுது மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது பையன் வந்தான். எந்தப் பக்கமாக வந்தான் என்று இப்போதும் அவர் பார்க்கவில்லை. துண்டைத் தலையில் முக்காடு போட்டிருந்தான், தோளும் மூக்கும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன, முடி காய்ந்திருந்தது. படியில், செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஓங்கி ஒரு அறை விடவேண்டும் என்று குழந்தைவேலுவுக்கு உடம்பெல்லாம் முறுக்கியது, அதே நேரத்தில் அவன் தலையைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளியதில் ஒன்றுமே நடக்கவில்லை. சாப்பிட்டயா சாமி என்றார். பாழாய்ப்போன வாய்க்கு அதுதான் பழக்கம். இல்லீங்கப்பா என்றான். மூடி வைத்த தட்டை நகர்த்தினார். அவன் எடுத்துச் சாப்பிட்டான், ஆறிப்போன சோற்றைக் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. கிளம்புகிறவனைத்தான் கேட்கக்கூடாது. வந்தவனைக் கேட்கலாம். வந்து உட்கார்ந்து சோறு தின்கிறவனைக் கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை, உலகமே கேட்கிறது.

“எங்க சாமி போயிருந்தே?”

“தூரமெல்லாம் இல்லீங்கப்பா. அந்தப் பாறைக்கு அந்தாண்டதான் உக்காந்திருந்தேன்.”

“பொழுதன்னிக்குமா?”

“ஆமாங்கப்பா.”

பாறை இங்கிருந்து தெரிகிறது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். குழந்தைவேலு அந்தப் பாறையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். அங்கே என்ன பண்ணினாய் என்று கேட்டார். ஒன்று கேட்டபிறகு அடுத்தது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவன் தட்டில் மிச்சமிருந்த பயற்றை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினான்.

“நாளைக்கு நீங்க போயிட்டா அப்பறம் என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தனுங்க. ஒண்ணுமே தோணலீங்கப்பா.”

இவர் அவசர அவசரமாகப் போனை எடுத்தார், கவிழ்த்து வைத்ததை நிமிர்த்தி, கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி, உனக்கும் ஒரு டிக்கெட் இருக்குது சாமி, மாப்பிள்ளை அப்போதே போட்டுவிட்டார், நாளைக்கு இரண்டு பேரும் போகிறோம், அம்மா அறையெல்லாம் தயார் செய்து வைத்திருக்கிறாள் என்று வந்த நாளிலிருந்து உள்ளே கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். தெரியுமுங்கப்பா என்றான் பையன். மச்சான் டிக்கெட் போட்ட அன்றைக்கே அவனுக்கும் சொல்லிவிட்டாராம். அப்பா எப்போது சொல்வார் என்று மலையிலும் பட்டணத்திலும் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அவர் சொன்னால் தான் வரவில்லை என்று சொல்லவேண்டி வருமே என்று, சொல்லாமல் இருக்கட்டும் என்றும் இருந்ததாம்.

“வர்றயா சாமி?”

“முடியலீங்கப்பா. வரக்கூடாதுன்னு இல்லீங்க. எந்திரிக்கோணும், பிளேன்ல ஏறோணும், எறங்கோணும், அம்மா மூஞ்சியப் பாக்கோணும். ஒண்ணொண்ணும் மலையாட்டத் தெரியுதுங்க. இங்கயும் இருக்க முடியலீங்க. என்னான்னே தெரியலீங்கப்பா எனக்கு.”

அழவில்லை அவன். கணக்கில் விடை வரவில்லை என்று வாத்தியாரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னான். எந்த இரைச்சலில் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்கிறவர் என்று ஆலையில் பெயர் வாங்கிய மனுசனுக்கு இதில் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. ஊருக்குக் கூட்டிப்போனால் சரியாகுமா, தெரியவில்லை. இங்கேயே விட்டால் என்ன ஆகும், அதை நினைக்கவே முடியவில்லை. டாக்டர், கோவில், கல்யாணம் என்று மயிலாத்தாள் வரிசையாகச் சொல்வதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. நாற்காலியை விட்டு இறங்கிப் படியில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார், முட்டி கடகடவென்றது. இறங்கி உட்கார்ந்தது எதற்கு என்றும் தெரியவில்லை, நாற்காலி உயரத்தில் இருந்து பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். போன் மறுபடியும் அடித்தது.

“அம்மாங்கப்பா,” என்றான் திருமூர்த்தி, படத்தைப் பார்த்து.

எடுத்து என்ன சொல்வது என்று இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூ வைத்த முகத்தோடு அது அதிர்ந்து அதிர்ந்து படியில் கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்றது. ஒத்திலியா கூரைக்குள் விளக்குப் போட்டாள், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், பையன் இருப்பதைப் பார்த்ததும் மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. பையன் தட்டைக் கழுவி வைக்க எழப்போனவன், எழாமல் அப்படியே உட்கார்ந்தான்.

“காலையில வண்டி நேரத்துலயே வந்துருமுங்கப்பா. உங்க துணியெல்லாம் எடுத்து வெக்கட்டுங்களா?”

“வரட்டும் சாமி,” என்றார் குழந்தைவேலு. “வந்துட்டுச் சும்மா திரும்பிப் போகட்டும்.”